துளையில்லாத சிப்பி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதிக் கதையில் என்னை நிறுத்தி, யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கேட்கக்கூடாது.

குருவின் பெயர் ஜெனோவா. கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் சங்கு, சிப்பி, நத்தைகளுக்கான ஆய்வுக்கூடத்தை நடத்தி வந்தார். சீடரின் பெயர் தாணுலிங்கம். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டாம் வகுப்பில் ஜெனோவாவுக்குக் கரப்பான் பூச்சியை அறுக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஓய்வு பெற்ற கையோடு பழைய மாணவியிடமே போய் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். வீட்டில் சும்மா இருந்தால் ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம்.

ஜெனோவா அவரை "சார்" என்பார். அவர் ஜெனோவாவை "மேடம்" என்பார். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து நிற்பார். யார் முதலில் உட்காருவது என்பதில் தினமும் கொஞ்ச நேரம் வீணாகும்.

தாணுலிங்கம் எடுத்துக்கொண்ட ஆய்வு, கடலில் வேட்டையாடும் நத்தைகளை வகைப்படுத்துவது. ஒருநாள் காலை அவர் தேக்கில் செய்த அலமாரி ஒன்றைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"வகைப்பாட்டை முடித்துவிட்டேன், மேடம்."

ஜெனோவா மேல் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே முள்ளிச் சங்குகள். உடம்பெல்லாம் கொம்பும் முள்ளுமாக, கையில் எடுத்தாலே குத்துகிறவை. இழுப்பறையின் முகப்பில் 'கொடியவர்கள்' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நடு இழுப்பறைக்கு 'நடுத்தரத்தார்'. அதற்குக் கீழே 'சில்லறைத் திருடர்கள்'.

"எதை வச்சுப் பிரிச்சீங்க, சார்?"

"ஆயுதத்தை வைத்து, மேடம். முள் எவ்வளவு, கொம்பு எவ்வளவு, ஓடு எவ்வளவு கனம். எல்லாம் அளந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்."

"அதெல்லாம் அதோட வீடு சார்."

"வீட்டைப் பார்த்தால் ஆளைத் தெரியாதா, மேடம்?"

ஜெனோவா 'சில்லறைத் திருடர்கள்' இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். எலுமிச்சங்காய் அளவில், வழுவழுவென்று உருண்டையான நத்தை ஓடு. வெண்ணெய் நிறம்.

"இது?"

"நிலா நத்தை, மேடம். இதுவும் வேட்டையாடும் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் சேர்த்துக்கொண்டேன். ஆனால் மூஞ்சியைப் பாருங்கள், பால் வடிகிறது."

ஜெனோவா அதைத் திரும்ப வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு இழுப்பறை இருந்தது. இழுத்துப் பார்த்தார். காலி.

"இது யாருக்கு?"

"யாருக்கும் இல்லை, மேடம். ஆசாரி கணக்குத் தப்பி ஒன்று கூடுதலாகச் செய்துவிட்டார். எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அந்தச் சமயத்தில்தான் வெளியே சத்தம் கேட்டது.

வந்தவர் சலேத்தம்மா. பக்கத்திலிருக்கும் புன்னைமுனை என்ற மீனவர் கிராமத்தில் மட்டி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. மட்டி என்றால் கழிமுக மணலில் புதைந்து வாழும் சிப்பி. ஓட்டைத் திறந்து சதையை எடுத்துக் குழம்பு வைப்பார்கள். புன்னைமுனைப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு மட்டிப் படுகையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் மாதிரிக் காத்து வந்தார்கள். அந்தப் படுகை செத்துக்கொண்டிருந்தது.

சலேத்தம்மா தோளிலிருந்த சாக்கைத் தரையில் கொட்டினார். கொட்டியதெல்லாம் காலி மட்டி ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துளை.

"வாத்தியாரய்யா, நல்லாப் பாத்துக்கிடுங்க. மட்டியத் தொளச்சித் திங்கிறது யாருன்னு உங்ககிட்டதான கேட்டோம்? முள்ளிச் சங்குதான்னு நீங்கதான சொன்னீய? கண்டா விடாதீங்கன்னு சொன்னீயளா இல்லையா?"

"சொன்னேன்."

"ஆம்பளையெல்லாம் நண்டு வலையில வந்தத ஒடச்சிப் போட்டாவ. நாங்க கையில முள்ளுக் குத்தக் குத்தப் பொறக்கி வேவிச்சோம். ஒண்ணு பாக்கி இல்ல. இப்ப மட்டி முன்னயவிட வேகமாச் சாவுது. இதுக்கு என்ன சொல்லுதீய?"

தாணுலிங்கம் குனிந்து ஓடு ஒன்றைக் கையில் எடுத்தார். 

"மீன்வளத்துல இருந்து அதிகாரி வந்துட்டுப் போயிட்டாரு. வாற வருசத்து மாதா திருவிழா வரைக்கும் பாப்பாவளாம். அப்பவும் படுகை இப்பிடியே கெடந்தா எறால் பண்ணைக்காரனுக்குக் குடுத்துருவாவளாம். அவன் வந்து வேலியப் போட்டான்னா நாங்க எங்கய்யா போவோம்? ஒலையில என்னத்தப் போடுவோம்?"

அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்தது. அழுதால் இவர்கள் முன்னால் கௌரவம் போய்விடும் என்று காலிச் சாக்கை இரண்டு தரம் ஓங்கி உதறிவிட்டுப் போய்விட்டார்.

தாணுலிங்கம் ரொம்ப நேரம் அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பாடம் நடத்திய காலத்தில் ஒரு விடைத்தாளில்கூட மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டாத மனிதர்.

"மேடம், என் வகைப்பாடு எங்கே தவறிவிட்டது?"

ஜெனோவா அலமாரியைப் பூட்டினார். சாவியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை வகைப்படுத்துங்க சார்" என்றார், தரையைக் காட்டி.

"இதில் நத்தையே இல்லையே, மேடம். செத்த மட்டிதானே?"

"துளை இருக்கே."

"துளையை எப்படி வகைப்படுத்துவது?"

"உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்க ஒழுங்காப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துத்தானே நான் இங்க நிக்கிறேன்."

சொல்லிவிட்டு ஜெனோவா தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

தாணுலிங்கம் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூட்டு வலிக்காரர், இருந்தும் உட்கார்ந்தார். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். ஊசியை விட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. கூராகச் சீவிய பென்சிலை விட்டுப் பார்த்தார். பென்சில் முனை துளைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. துளைக்கு வெளிவாய் அகலம், உள்ளே போகப் போக ஒடுக்கம். மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி.

அடுத்த ஓடு. அதுவும் புனல்தான். அதற்கடுத்ததும் அப்படியே. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஜெனோவா வந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனை வகை, சார்?"

"ஒரே வகை, மேடம். எல்லாத் துளையும் புனல். ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் தின்றிருக்கிறான்." அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "இது ஒன்றுதான் சேரவில்லை. இதில் துளை நேராக இருக்கிறது. தச்சர் துரப்பணம் போட்ட மாதிரி, மேலும் கீழும் ஒரே அகலம். ஆனால் இது மட்டியே இல்லை. நிலா நத்தையின் ஓடு. சாக்கில் தவறி வந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிடட்டுமா?"

"எதை வேணும்னாலும் எடுத்துப் போடுங்க சார். தவறி வந்ததை மட்டும் போடாதீங்க."

தாணுலிங்கம் அந்த ஓட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

மறுநாள் ஜெனோவா மூன்று கண்ணாடித் தொட்டிகளைச் சன்னலோரம் வரிசையாக வைத்தார். மூன்றிலும் கடல்நீர், கழிமுக மணல். முதல் இரண்டிலும் உயிருள்ள மட்டிகள் புதைந்திருந்தன. முதல் தொட்டியில் ஒரு முள்ளிச் சங்கை விட்டார். இரண்டாவதில் நிலா நத்தை. மூன்றாவதில் மட்டி கிடையாது. நிலா நத்தையும் முள்ளிச் சங்கும் மட்டும்.

"நான் என்ன செய்யவேண்டும், மேடம்?"

"உட்கார்ந்து பாருங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"அதுங்க சாப்பிடுற வரைக்கும்."

தாணுலிங்கம் உட்கார்ந்து பார்த்தார். நத்தைகளுக்கு அவசரம் என்பது கிடையாது. கல்லூரியில் ஒரு பருவத் தேர்வே நடந்து முடிந்தது. வருகிற போகிற பிள்ளைகளெல்லாம், "தாத்தா மீன் தொட்டி பார்க்கிறார்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும். அவர் சன்னலோரத்தை விட்டு நகரவில்லை.

முதல் தொட்டியில் முள்ளிச் சங்கு மணலில் இறங்கவே இல்லை. உள்ளே கிடந்த கல்லில் ஏறி, அதில் ஒட்டியிருந்த கொட்டலசு என்ற பொடி ஓட்டுப் பிராணிகளைத் துளைத்துத் தின்றுகொண்டிருந்தது. மட்டிகள் உயிரோடுதான் இருந்தன.

இரண்டாவது தொட்டியில் நிலா நத்தையைக் காணவே இல்லை. மணலுக்குள் போய்விட்டது. மெதுவாக விரலால் மணலை விலக்கிப் பார்த்தபோது, பால் வடியும் அந்த முகத்துக்கு அடியிலிருந்து பெரிய சதைப்பாதம் ஒன்று விரிந்து, ஒரு மட்டியை முழுவதுமாகப் போர்த்திப் பிடித்திருந்தது. தாய் பிள்ளையை அணைத்த மாதிரி. நாக்கை அரம்போல் வைத்து உள்ளே ராவிக்கொண்டிருந்தது. பிறகு காலி ஓடு கிடைத்தது. தாணுலிங்கம் பென்சிலை விட்டுப் பார்த்தார். புனல்.

அவர் மூன்றாவது தொட்டிக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும், அந்த மூட்டோடு. அங்கே முள்ளிச் சங்கு நிலா நத்தையின் முதுகில் ஏறி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மேடம்! மேடம், இங்கே வாருங்கள்!"

ஜெனோவா வந்தார். தாணுலிங்கம் சட்டைப்பையிலிருந்து அந்த ஓட்டை எடுத்தார். தவறி வந்த நிலா நத்தை ஓடு. நேரான துளை.

"திருடனை விட்டுவிட்டுப் போலீஸ்காரனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், மேடம்! மட்டியைத் தின்கிறது நிலா நத்தை. நிலா நத்தையைத் தின்கிறது முள்ளிச் சங்கு. முள்ளிச் சங்கையெல்லாம் பிடித்து வேகவைக்கச் சொன்னேன். நிலா நத்தைக்குக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. பாவி நான்!"

"போலீஸ்காரனும் கொல்லத்தான் செய்யுறான் சார்."

"ஆமாம். ஆனால் யாரை?"

ஜெனோவா சிரித்தார். "இதைத்தான் அன்னைக்கு அலமாரி முன்னாடி நான் கேட்டிருக்கணும். நீங்களே கேட்டுட்டீங்க" என்றார்.

தாணுலிங்கத்துக்கு அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட வேண்டும்போல் இருந்தது. சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். வந்து இரண்டாவது தொட்டியைப் பார்த்தார். மணலின் மேல் ஒரு வளையம் கிடந்தது. மணலாலேயே செய்தது. அப்பளம்போல் மெல்லியது. சட்டைக் காலரைக் கழற்றி நிறுத்திவைத்தாற்போல் வளைந்து, ஒரு பக்கம் திறந்திருந்தது.

தாணுலிங்கம் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அந்த வளையத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். புன்னைமுனைக் கரையில் தண்ணீர் வற்றும்போது அது கிடக்கும். பெண்கள் அதற்கு மாதா வளையல் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாதா அலையில் கைகழுவும்போது கழன்று விழுந்ததாம். அதை மிதிக்கமாட்டார்கள். காய விடமாட்டார்கள். கண்டால் நெற்றியில் சிலுவை போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் மட்டிப் படுகையின் ஈரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். மாதா வளையல் கிடக்கிற படுகை செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தாணுலிங்கம் சுத்த சைவர். இருந்தாலும் அந்த பக்தி மனசைத் தொட்டு, ஒன்றிரண்டை அவரே ஏந்திக்கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

ஜெனோவா வளையத்தின் ஓரத்தைக் கிள்ளி உருப்பெருக்கியில் வைத்தார். மணலுக்கு நடுவே முட்டை. எங்கே பார்த்தாலும் முட்டை.

"நிலா நத்தையின் முட்டை" என்றார் தாணுலிங்கம். "கரை முழுக்கத் தேடித் தேடி எடுத்து, வெயில் படாமல் பாதுகாத்து, மட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறோம், மேடம்."

"ம்."

"இதை நான் எப்படி அவர்களிடம் சொல்வேன்?"

"என்ன சொல்லப் போறீங்க?"

"உங்கள் நம்பிக்கைதான் உங்கள் படுகையைத் தின்கிறது என்று..." அவருக்கே அது வாயில் கசந்தது. "அடிக்க வருவார்கள், மேடம். அடித்தால்கூடப் பரவாயில்லை. நம்பமாட்டார்கள். ஏற்கனவே ஒரு தடவை தப்பாகச் சொன்ன வாய் இது."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லாவிட்டால் திருவிழா வந்துவிடுமே!"

ஜெனோவா சன்னலைத் திறந்தார். பிறகு இரண்டாவது தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க சார். தளும்பாமத் தூக்கணும்."

தொட்டியை ஆட்டோவில் வைத்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டு புன்னைமுனைக்குப் போனார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் தாணுலிங்கம் ஓட்டுநரைத் திட்டினார். மடி நனைந்துவிட்டது. ஊருக்குள் மாதா கெபி இருக்கிறது. கல்லைக் குகைபோல் அடுக்கி, உள்ளே நீலப் போர்வையோடு மாதா சுரூபம். முன்னால் ஓலைப் பந்தல். பந்தலின் நிழலில் தொட்டியை இறக்கினார்கள். கிடந்த வளையத்தை ஜெனோவா எடுத்து ஓரமாக ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். தொட்டியில் இப்போது மணலும் மட்டியும் நிலா நத்தையும் மட்டும்.

பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன டாக்டரம்மா, மீன் வளக்கச் சொல்லுதீயளா?" என்றார் சலேத்தம்மா. தாணுலிங்கத்தை அவர் முகம்கொடுத்துப் பார்க்கவில்லை.

"இல்லக்கா. இத இங்க வச்சிட்டுப் போறோம். போற வர்றப்ப ஒரு பார்வை பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான்."

"எதப் பாக்கணும்?"

"எல்லாத்தையும்."

 தாணுலிங்கமோ முப்பத்தைந்து வருஷம் விளக்கம் சொல்லியே பழகிய வாத்தியார். அவரால் பேசாமல் நிற்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"சலேத்தம்மா, முள்ளிச் சங்கைப் பற்றி நான் சொன்னது தப்பு. பார்க்காமல் சொல்லிவிட்டேன். இனி வலையில் வந்தால் உடைக்க வேண்டாம்."

சலேத்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மடியில என்னய்யா, நனஞ்சி கெடக்கு?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அடுத்த முறை குருவும் சீடரும் போனபோது ஊர்ப் பெண்கள் எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிக்குள் காலி மட்டி ஓடுகள், ஒவ்வொன்றிலும் துளை. மணலின் மேல் புதிதாக ஒரு வளையல். நிலா நத்தை அதற்குப் பக்கத்திலேயே பாதி புதைந்து கிடந்தது.

சலேத்தம்மா எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"இது எங்க மாதா வளையல்தான?"

தாணுலிங்கம் ஜெனோவாவைப் பார்த்தார். ஜெனோவா வானத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் தாணுலிங்கம்.

"இத இந்தச் சனியன் நத்தைதான் போட்டுச்சா?"

"ஆமாம்மா."

"நாங்க கண்ணால பாத்தோம்யா. கிளாடிஸ்தான் மொதல்ல பாத்தா. மண்ண வழிச்சி வழிச்சி அதுபாட்டுக்குச் சுத்துது. பொறவு பாத்தா வளையல்." அவர் மாதா சுரூபத்தின் பக்கம் திரும்பினார்.  "எங்கம்மா காலத்துல இருந்து எடுத்து எடுத்துக் கொண்டு வச்சோமே! ஒன் வளையல்னுதான வச்சோம்? எங்க கைய வச்சே எங்க கண்ணக் குத்தவிட்டுட்டியே!"

  தாணுலிங்கம் ஏதாவது சொல்லவேண்டும் என்று முன்னால் ஒரு அடி வைத்தார். ஜெனோவா அவருடைய சட்டை முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

சலேத்தம்மா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதா எப்போதும்போல இரண்டு கைகளையும் கீழே விரித்துக்கொண்டு நின்றாள். மாதாவின் கையில் ஒன்றும் இல்லை.

சலேத்தம்மா மூக்கைச் சிந்தினார். சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தார். பிறகு குனிந்து, தொட்டிக்குள் கையை விட்டு வளையலை எடுத்தார். கெபியின் படியேறிப் போய், வெயில் விழுகிற இடத்தில், மாதாவின் காலடியில் வைத்தார்.

"எட்டி, ஒருத்தரோட வளையல் கீழ கெடந்தா என்ன செய்வாவ?" என்று திரும்பிக் கேட்டார். "உடையவகிட்டக் குடுப்பாவளா, தண்ணியில கொண்டு போடுவாவளா? நாமதான்டி புத்தியில்லாம இவ்வளவு நாளும் தண்ணியில போட்டோம். மாதா கைய நீட்டிக்கிட்டே நிக்கா. இனிமே எங்க கண்டாலும் எடுத்து இங்க கொண்டாந்து வைங்க!"

கிளாடிஸ்தான் முதலில் எழுந்து கரைக்கு ஓடினாள். அவள் பின்னால் மற்றவர்கள்.

தாணுலிங்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

அந்த வருஷம் கெபியின் படிகளைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றிய நாளெல்லாம் பெண்கள் மடியில் ஏந்தி வளையல்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவை முட்டையோடு வெயிலில் காய்ந்து உதிர்ந்து மணலாயின. பங்குச் சாமியார் கூட்டச் சொன்னார். கூட்டுகிற வேகத்துக்கு மேல் வளையல் வந்தது. ஆண்கள் நண்டு வலையில் வந்த முள்ளிச் சங்கை உடைப்பதை நிறுத்தினார்கள். வாளியில் போட்டு உயிரோடு கொண்டுவந்து படுகையில் விட்டார்கள். ஒருத்தருக்கு முள் குத்தி விரல் வீங்கியபோதும், "குத்துனா குத்திட்டுப் போறான், நம்ம ஆளு" என்றாராம்.

தாணுலிங்கம் வாராவாரம் போய்ப் படுகையில் இறங்கிக் காலி ஓடுகளைப் பொறுக்கிப் பென்சிலை விட்டுப் பார்த்தார். புனல் குறைந்தது. பிறகு தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மழை முடிந்த ஒரு நாள் ஈர மணலைக் கையால் அள்ளியபோது, விரலிடுக்கில் பொடிப் பொடியாகக் குஞ்சு மட்டிகள். மிளகு சைஸ். அவர் கரையைப் பார்த்துக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. பெண்கள் சேலையை வரிந்துகொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தார்கள்.

திருவிழா வந்தது. கொடி ஏறியது. அதிகாரியும் வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு படுகையில் இறங்கினார். கரையில் ஊரே நின்றது. ஜெபமாலை உருட்டாத கை இல்லை. சலேத்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தாணுலிங்கம் ஒன்றும் உருட்டத் தெரியாமல் சட்டைப் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்தார். முழங்கை வரை கையை மணலில் விட்டார். எடுத்தபோது கை நிறைய மட்டி. அவர் நம்பாமல் இன்னொரு இடத்துக்கு நடந்தார். அங்கும் கை நிறைந்தது. மூன்றாவது இடத்தில் இரண்டு கையையும் விட்டு அள்ளிவிட்டு, அங்கிருந்தே கரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"படுகை உங்களுக்குத்தாம்மா!"

குலவை எழுந்தது பாருங்கள்! கெபியிலிருந்த புறாவெல்லாம் கிளம்பிவிட்டன. வெடிக்கட்டை வைத்திருந்த பையன்கள் தேருக்கென்று வைத்திருந்ததை அங்கேயே கொளுத்திவிட்டார்கள். சலேத்தம்மா ஓடிவந்து ஜெனோவாவைக் கட்டிக்கொண்டார். பிறகு தாணுலிங்கத்தின் முன்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, கும்பிடுதேன். அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன்."

"கொஞ்சம்தாம்மா பேசினீர்கள்" என்றார் தாணுலிங்கம். "நானாக இருந்தால் இன்னும் பேசியிருப்பேன்."

அன்று மதியம் பந்தலில் விருந்து. புதுப் படுகையின் முதல் மட்டி. தேங்காய் அரைத்து மிளகு போட்ட குழம்பு, சோற்றுக்குப் பக்கத்தில் ஓட்டோடு அவித்தது ஒரு குவியல். சுத்த சைவரான தாணுலிங்கம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்தார். பிரியாணி சாப்பிட்ட அன்றே அந்தச் சுத்தம் போய்விட்டது ஞாபகம் வந்தது. பிறகு யோசிக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மேடம், அலமாரியைத் திறக்கலாமா? இனி வீட்டைப் பார்த்துப் பிரிக்கமாட்டேன். யார் யாரை எப்படித் தின்கிறார்கள் என்று துளையைப் பார்த்துப் பிரிப்பேன். புனல் துளைக்காரர்கள் ஒரு இழுப்பறை. நேர்துளைக்காரர்கள் ஒரு இழுப்பறை. துளைக்காமல் விஷ முள்ளால் கொட்டிக் கொல்கிறவர்கள் ஒரு இழுப்பறை. கடலில் மட்டியையும் நத்தையையும் தின்கிறவர்கள் ஒருவர் விடாமல் அடங்கிவிடுவார்கள்."

ஜெனோவா கையைப் பையில் விட்டு அலமாரிச் சாவியை எடுத்து அவர் இலையோரம் வைத்தார்.

"ஒருத்தர் விடாமலா, சார்?"

"ஒருவர் விடாமல், மேடம்! ஆசாரி செய்த அந்தக் காலி இழுப்பறையைக் கழற்றிவிடலாம். அதற்கு இனி ஆளே இல்லை."

ஜெனோவா தன் இலையில் குவிந்திருந்த காலி ஓடுகளிலிருந்து ஒன்றை எடுத்தார். விரலால் துடைத்து, வெளிச்சத்தில் காட்டிவிட்டு அவரிடம் நீட்டினார்.

"இதுல எந்தத் துளை இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

தாணுலிங்கம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து பென்சிலைக்கூட எடுத்துவிட்டார்.

"இதில் துளையே இல்லையே, மேடம்."

"சதை?"

"அதுவும் இல்லை."

"அப்ப இத உள்ளே வையுங்க, சார். அந்தக் காலி இழுப்பறையில."

தாணுலிங்கம் தன் இலையைப் பார்த்தார். குவியல் அவர் இலையில்தான் பெரிதாக இருந்தது.